நோன்பு பிடித்த பவளம்

பிள்ளைகளே,

கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு நேரே ரியூப் லைட்டைப் போட்டால் அப்பா ஏன் அப்படிக் கத்துகிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். "பல்ப்பு நானாவின்ர வருத்தம் அவருக்கும் தொத்திப்போச்சு" என்று அவ சொன்னாவாம். அது என்ன வருத்தம் என்று நான்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் எழுத்து இது. பிழை கண்டால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

இருட்டுக்குப் பயந்த மனிதர்களை நான் வன்னியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இருட்டே பயந்து ஓடிய மனிதர் என்றால் அது பல்ப்பு நானா ஒருவர்தான்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நான் பாலாவி உப்பளத்தில் வேலை. மாம்புரியில் நானாவின் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். நடுவில் ஒரு அரைச்சுவர். அவர் ஒரு லைட்டைப் போட்டால் எங்கள் பக்கத்திலும் விடிந்துவிடும். நீங்கள் தொட்டிலில் கிடந்தபடி நடுப்பகல் என்று நினைத்து விளையாடத் தொடங்குவீர்கள்.

நானாவின் தொழில் சோடனை லைட் போடுவது. கலியாண வீடு, சுன்னத்து வீடு, கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள், எல்லாவற்றுக்கும் அதே வயர், அதே ஏணி, அதே நானா. "வெளிச்சம் கூடினா அழகு கூடும் தம்பி" என்பார். இரண்டு பல்ப்பு கேட்ட இடத்தில் இருபது போடுவார். ஒரு கலியாணத்துக்கு அவர் போட்ட வெளிச்சத்தில் அயல்வீட்டுச் சேவல் மூன்று முறை கூவியது. மீனுக்குப் போன வள்ளம் ஒன்று துறைமுகம் வந்துவிட்டது என்று திரும்பி வந்ததாகவும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கலியாண அல்பத்தை நானே பார்த்தேன். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் பவளம் வந்து சேர்ந்தது.

கொழும்பில் ஒரு வீட்டில் சோடனைக்குப் போனபோது, அந்த வீட்டுக்காரர் தன் உப்புத்தண்ணித் தொட்டியை எடுத்துவிடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தொட்டியையும், பவளம் ஒட்டியிருந்த ஒரு கல்லையும் நானாவிடமே கொடுத்துவிட்டார். கடலில் பவளம் உடைப்பது குற்றம், அதை நானா ஒருநாளும் செய்யவில்லை. கடலிலிருந்து அவர் கொண்டுவந்தது தண்ணீர் மட்டும். பிளாஸ்டிக் கானில் அள்ளி, சைக்கிளில் கட்டி, வீட்டுக்கு வந்து ஒரு மிடறு வாயில் ஊற்றிப் பார்ப்பார்.

"உப்புச் சரிதான்" என்பார், தேத்தண்ணிக்குச் சீனி பார்த்தவர் போல.

பவளம் செடியல்ல பிள்ளைகளே, கல்லுமல்ல. அந்தக் கல்லின் மேல் இருந்த ஒவ்வொரு பொட்டும் ஒரு தனி உயிர். நடுவில் ஒரு வாய், சுற்றிவரச் சின்னச் சின்ன விரல்கள். விருப்பமான நேரத்தில் விரலை விரிக்கும். பிடிக்காவிட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு குமிழாகிவிடும். அதன் உடம்புக்குள் பாசி போல ஒன்று குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி சாப்பாடு செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். எங்களைப் போல வாடகைக்கு இருக்கிற சனம்தான், ஆனால் எங்களைவிட ஒழுங்கு.

முதல் சில கிழமை யன்னலோரத்தில் ஒரு சின்ன நீல லைட்டின் கீழ் இருந்தது. பகலெல்லாம் பூப்போல விரிந்திருந்தது. நானாவுக்கோ மனம் ஆறவில்லை. "லைட்காரன் வீட்டில இருந்துக்கிட்டு இது மங்கலா இரிக்கிறதா? ஊர் என்னத்த செல்லும்?" பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கட்டுகிற பெரிய ஃபிளட் லைட் ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டினார்.

பவளம் மூடிக்கொண்டது.

அடுத்த நாள் ரமழான் நோன்பு தொடங்கியது. பின்னேரம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு சொன்னது. நாங்கள் நானா வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்க, அரைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"தம்பி! ஓடி வாங்க! கல்லு நோன்பு தொறக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு விரலாக வெளியே வந்துகொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடந்தது, பாங்கு சொல்லிக் கஞ்சி முடிவதற்குள் திறந்தது. நானா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பின்னேரமானால் கூடத்தில் சனம். தொட்டியின் பக்கத்தில் ஒரு தகரம் நிறையப் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். "புடிங்க, அதோட சேந்து நீங்களும் தொறங்க" என்று ஆளுக்கொன்று கொடுப்பார்.

"நான் நோன்பில்லையே நானா."

"அது மட்டும் எந்த மதரசாவில ஓதிச்சு? தின்னுங்க."

ராத்தா, அதுதான் நானாவின் மனிசி, குசினி வாசலில் நின்றபடி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னா. "இந்த வெளிச்சத்துக்குக் கீழ நான் நிண்டாலும் கண்ண மூடிக்கிட்டுத்தான் நிப்பன்." ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

எனக்கு உப்புத்தண்ணியில் கால் வெடித்து வீட்டில் நின்ற ஒரு நாள். நானா சோடனைக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தொட்டியின் காற்றுப் பம்பை லொறி பற்றரியில் கொழுவிவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கூடம் மங்கலாக இருந்தது. சற்று நேரத்தில் ஒரு விரல் வந்தது. பிறகு ஐந்து. பிறகு கல் முழுக்க. பட்டப்பகல் இரண்டு மணி!

ராத்தா எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தா. "யா அல்லாஹ், நோன்ப வுட்டுட்டுதே!"

சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நானாவின் கூடத்தில், பம்புக்குப் போக, ஒரே ஒரு பிளக் பொயின்ட்தான் மிச்சம். பாங்கு சொன்னதும் ஃபிளட் லைட்டைக் கழற்றிவிட்டு, கேற்றில் இருக்கிற சோடனை லைட்டைக் கொழுவுவார். பவளம் பாங்குக்குத் திறக்கவில்லை. லைட் நூர்ந்து அணைந்ததற்குத் திறந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நிறம் வெளிறி, சதை வற்றிப்போயிருந்தது.

"நானாட்ட செல்லிப்போடாதீங்க தம்பி" என்றா ராத்தா. "நாளைக்கு மௌலவியக் கூட்டிக்கிட்டு வாறாரு. ஊருக்கு முன்னால மனுசன் சின்னாளாப் போயிடுவாரு."

நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். சொன்னால் நானாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் நோன்புப் பெருநாளுக்கு முன் அந்த உயிர் போகும்.

நானா வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. கரண்ட் வந்திருந்தது, லைட்டை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். அவரே லைட்டைப் போட்டார். விரல்கள் எல்லாம் உள்ளே ஓடின. கிட்ட வந்து, கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தார்.

"அந்தக் கலியாணத்துப் பொண்ணும் மாப்புளயும் இப்பிடித்தான் நிண்ட" என்றார் மெதுவாக.

பிறகு கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப அது நோன்பு புடிக்கல்ல தம்பி. நான்தான் பட்டினி போட்டிரிக்கன்."



"லைட்ட நூத்துடுங்க" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். குசினியில் ராத்தாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

மறுநாள் மௌலவியும் சனமும் வந்தபோது நானா கேற்றடியிலேயே நின்று சொல்லிவிட்டார். "நோன்பும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ட லைட்டுக்குப் பயந்து கண்ண மூடியிரிக்கி. பிழ என்ட."

எல்லாரும் மௌலவியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார். "நீங்க பள்ளிக்கு லைட் போட்ட நாள்ல இருந்து தொழுகையில நாங்களும் கண்ண மூடிக்கிட்டுத்தான் நிக்கிற, பல்ப்பு. நீங்க அத பயபக்தி எண்டு நெனச்சிருப்பீங்க."

சிரித்த சிரிப்பில் முதலில் சிரித்தது நானாதான். பேரீச்சம்பழத் தகரமும் அன்றே காலியானது.

அதற்குப் பிறகு கொழும்புக்காரருக்கு ரெலிபோன் எடுத்தோம். என்ன லைட் போட்டீர்கள் என்று கேட்டார். நானா சொன்னார்.  அந்தப் பக்கமிருந்து அவர், "ஐயா, அது பவளம், கிரிக்கெட் மெட்ச் இல்ல" என்றார். சின்ன லைட்டை உயரத்தில் கட்டி, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொன்னார். நானா கூரை வளையில் கயிறு கட்டினார். சில நாளைக்கு ஒருமுறை ஒரு விரற்கடை இறக்குவார். இறக்கிவிட்டு, தொட்டியைப் பார்த்து, "சுடுதா? செல்லுங்க, ஏத்துறன்" என்பார். பொம்பிளைப் பிள்ளையிடம் கேட்கிற குரலில்.

பெருநாள் வந்தது, போனது. லைட் எரிகிற நேரத்தில் பவளம் விரல் விரிக்கவேயில்லை. நானா புதுச் சட்டையைக்கூட மனமில்லாமல்தான் போட்டார்.

நாலு நாள் கழித்து, லைட் எரிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அரைச்சுவரைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"தம்பி! அதுக்குப் பெருநாள் பிறை இண்டைக்குத்தான் தெரிஞ்சிரிக்கி!"

கல் முழுக்க விரிந்திருந்தது. ராத்தா திரும்பவும் பெருநாள் வட்டிலப்பம் அவித்தா. அந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பெருநாள்.

போன வருடம் நானாவும் ராத்தாவும் மகளோடு இருப்பதற்காகக் காத்தான்குடிக்குப் போனார்கள். தொட்டியை எங்களிடம் விட்டுவிட்டார்கள். பாலாவிச் சந்தியில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். நானா என் சட்டைப் பைக்குள் எதையோ திணித்துவிட்டு ஏறினார். பஸ் புறப்பட்ட பிறகும் யன்னலால் தலையை நீட்டி, "தம்பி, லைட்ட பைய நூருங்க! திடீரெண்டு நூத்தா அது பயந்துடும்!" என்று கத்தினார். இருட்டுக்குப் பயம் காட்டிய அதே மனிதர்.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தீர்கள். தானாக நூர்கிற சுவிட்ச் ஒன்று அந்தத் தொட்டிக்கு இருக்கிறது. அன்று அதைக் கழற்றி வைத்தேன். பள்ளியில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்து, லைட்டை என் கையாலேயே, கயிற்றில் மெல்ல மெல்ல உயர்த்தி, பைய நூர்த்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டில் ஒருமுறை சுருங்கிய கடைசி விரலும் திரும்ப விரியும்வரை பார்த்திருந்துவிட்டுத் தின்றேன்.