டிக் எடுத்துவிட்ட கலியாணம்

என் தங்கச்சியின் கலியாணத்தை அழித்தவன் நான். ஷெல் அழிக்கவில்லை. ஆமி அழிக்கவில்லை. நான்தான், ஒரு விரலால்.

சண்டை திரும்பத் தொடங்கிய காலம். செங்கலடியில் ஞானம் அண்ணனின் ஸ்டூடியோவில் வேலை செய்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. கொம்பியூட்டரை அவர்தான் பழக்கினார். (அது அவர்ர பிழை.)

எந்த நேரமும் ஓட வேண்டி வரலாம். வீட்டுக்கு வீடு ஒரு பை தயாராகத் தொங்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி. அவ்வளவுதான். ஸ்டூடியோவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார் ஞானம் அண்ணன். வெள்ளிக்கு வெள்ளி கொம்பியூட்டரில் உள்ள படங்களைச் சீடியில் ஏற்ற வேண்டும். ஓடினால் சீடியோடு ஓடலாம்.

அதற்கு ஒரு புரோகிராம் இருந்தது. போல்டர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். டிக் போட்டால் ஏறும். எடுத்தால் ஏறாது. அண்ணன் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு வைத்திருந்தார். நாலு சீடி பிடிக்கும். பாதியில் கரண்ட் போகும். திரும்ப முதலில் இருந்து.

ஒரு வெள்ளி, கிட்டத்தில் ஷெல் விழுகிற சத்தம். அண்ணன் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு ஓடிவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். ‘கலியாணம்’ போல்டர்தான் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் உள்ள ‘ஐடி’ போல்டர் சின்னன். ஓடுகிறவன் கலியாணப் படத்தையா தூக்குவான்? ஐடி இல்லாமல் ஒரு செக்பொயின்ற் தாண்ட முடியுமா? கலியாணத்தின் டிக்கை எடுத்தேன். ஒரே சீடியில் முடிந்தது. (என்ர மூளையை நானே மெச்சின நாள்.)

எடுத்த டிக்கைத் திரும்பப் போடவில்லை. புரோகிராம் அதை ஞாபகம் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளியும் ஒரு சீடி. அதற்கடுத்த வெள்ளியும்.

“என்னடா, இப்ப கெதியா முடிக்கிற?” என்று அண்ணன் கேட்டார்.

“பழகிற்றன் அண்ணன்.”

அதற்குப் பிறகுதான் தங்கச்சி தேவகிக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வெளிநாடு. ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பப் போனார். படம் எடுத்தது ஞானம் அண்ணன். நான் லைட் பிடித்தேன். அல்பம் கொழும்பில்தான் அடிப்பது. சண்டையால் பார்சல் ஏற்றுகிற பஸ் ஓடவில்லை. திரும்ப ஓடட்டும் என்று இருந்தோம். கமெராவில் இருந்ததை அடுத்த கலியாணத்துக்காக அழித்தாயிற்று.

பிறகு தேவகியின் விசாவுக்கு எம்பசியில் இருந்து கடிதம். தேவகியை நேர்முகத்துக்கு வரட்டாம். கலியாணப் படம் கொண்டு வரட்டாம். படம் இல்லாவிட்டால் உண்மைக் கலியாணம் என்று நம்பமாட்டார்களாம். பத்து நாள் இருந்தது.

அடுத்த நாள் கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் கொம்பியூட்டர் ‘டப்’ என்றது. ஹாட் டிஸ்க் போயிற்று.

அம்மா ஓடி வந்தா. பின்னால் தங்கச்சி.

“படமெல்லாம் போயிற்றாமே மனே?”

ஞானம் அண்ணன் சிரித்தார். “பயப்படாதீங்க மாமி. இதுக்குத்தானே சீடி. உங்கட மகன்தான் வெள்ளிக்கு வெள்ளி ஏத்துற.”

பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் சீடியைப் போட்டோம். ஐடி மட்டும். முந்தின சீடி. ஐடி மட்டும். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

“கலியாணம் எங்கடா?” என்றார் அண்ணன்.

“டிக்க எடுத்திற்றன்.”

அம்மாவுக்கு டிக் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் தலையில் கை வைத்தா.

“எல்லாத்தையும் ஏத்தெண்டுதானே சொன்னன்!”

“ஓடக்குள்ள ஐடிதானே அண்ணன் வேணும்.”

“நாம எங்கடா ஓடின? இஞ்சதானே இரிக்கம்!”

தங்கச்சி மௌசைப் பிடுங்கி, ஐடிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு இடத்தில் நின்றாள்.

“இது பெரியப்பா. இந்தப் பட்டுச் சால்வை என்ர கலியாணத்துக்குப் போட்டது.”

எங்கள் ஆக்கள் நல்ல உடுப்பு உடுப்பதே கலியாணத்துக்குத்தான். கமெராக்காரனும் அங்கே நிற்பான். “அப்படியே ஐடிக்கும் ஒண்டு எடுத்து விடுங்க” என்று சுவரோடு போய் நிற்பார்கள். அன்றைக்கு இருபத்துமூன்று பேர். கடைசியில் மாப்பிள்ளையும் பொம்பிளையும். தனித்தனியாக.

எல்லாருக்கும் பின்னால் ஒரே நீலச் சீலை. எல்லாருக்கும் இரண்டு காதும் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கூறைச் சேலையோடு தங்கச்சி, பொலிஸ் பிடித்த மாதிரி. மாப்பிள்ளை, பொலிஸ் அடித்த மாதிரி.

வேறு வழியில்லை. அச்சடித்து ஒரு கடதாசி மட்டையில் ஒட்டினோம். அந்த மட்டையோடு தங்கச்சியும் நானும், திரும்ப ஓடத் தொடங்கின பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். நான் எம்பசி வாசலில் நின்றேன். உள்ளே விசா அதிகாரியான ஒரு வெள்ளைக்கார நோனா, மொழிபெயர்க்கிறவரை வைத்துக் கேட்டாவாம்: “இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லையா?”

தங்கச்சி முழுக்கதையும் சொன்னாளாம். என் பேரோடு. நோனா மட்டையைப் பார்த்தாவாம். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாவாம். பொய்க் கலியாணம் என்றால் நல்ல படமாக எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றாவாம்.

மூன்று மாதத்தில் விசா வந்தது.

மாப்பிள்ளை, பொம்பிளை படம் இரண்டையும் தங்கச்சி பெரிதாக்கி, அங்கே வீட்டுச் சுவரில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறாள். அவளுடைய மகளுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் அந்தப் பிள்ளை போனில் கேட்டாள்.

“மாமா, கலியாணத்தண்டே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோபமா? ஏன் வேற வேறயா நிக்கிறாங்க?”

பின்னால் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஓம் மகள்,” என்றேன். “பெரிய சண்டை. மாமாதான் விலக்குப் பிடிச்சன்.”