பத்து எண்ணுவதற்குள் மூக்கு

புதுச்சேரியில் பிராட்பேண்ட் வேகத்தை மூக்கால் அளந்த ஒரே மனிதர் எங்கள் உப்பளம் பேட்டைச் சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்லும் அந்தப் பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது.

மனைவி காலமாகி வெகுநாளாயிற்று. ஒரே மகள் பிரான்சில். ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. குழந்தை பிறந்ததும் போனில் சொன்னாள்: "நல்ல லைன் இருக்குற வீடா பாருப்பா. கேமராவுல புள்ளைய காட்டுறேன்." எங்கள் தெருவுக்கு அன்று பிடித்தது சனி.

வீடு வீடாக வருவார். மகள் மெயிலில் அனுப்பிய அவளுடைய போட்டோவை நம் கம்ப்யூட்டரில் திறப்பார். அந்தக் காலத்து லைனில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இறங்கும்? "அன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் பத்து வரை எண்ணுவார். அதற்குள் எதுவரை வந்ததோ அதுதான் அந்த வீட்டு வேகம். டெலிபோன் லைன் என்றால் நெற்றி. கேபிள்காரர் லைன் என்றால் கண். அதிர்ஷ்டம் இருந்தால் மூக்கு. நோட்டில் குறித்துக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்.

"மெதுவா எண்ணுங்க முசியே!" என்று கெஞ்சுவாள் எதிர்வீட்டு டீச்சர். "போன வாரம் கண்ணு வந்துச்சே!"

"புருவம்னா புருவம்தான் மதாம்" என்று எழுதிவிடுவார் அந்த மனசாட்சி இல்லாத மனிதர்.

டீச்சர் நேரே கேபிள்காரருக்குப் போன் போட்டாள். "இன்னாய்யா லைன் குடுத்துக்கீற? எங்க வூட்ல மூக்கே வரல!"

"மூக்குக்கு என்னை ஏம்மா கூப்புடுற? பெரியாஸ்பத்திரிக்குப் போ!"

கடைசியில் ஜெயித்தது எங்கள் வீடு. கேபிள்காரரின் பெட்டி எங்கள் மாடியில் இருந்ததால் தாடைவரை வந்தது. அம்மா ஒரு வாரம் தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

மகள் கேமராவில் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. சொல்தா கோட்டு போட்டுக்கொண்டு, மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் காவலுக்குக் கேபிள்காரர். மகள் முகம் வந்தது. அசைந்தது! "அப்பா, இரு, புள்ளைய தூக்கினு வரேன்" என்றாள். குனிந்து தூக்கினாள். திரையின் அடியிலிருந்து ஒரு சின்ன நெற்றி எழும்பியது. அதோடு நின்றது.

சொல்தா எண்ண ஆரம்பித்தார். பத்து தாண்டியது. இருபதும் தாண்டியது.

வாசலில் டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றாள். "முசியே, இங்க நின்னுபோனா எங்க வூட்டுக்கு வாங்க. ஒரு அவசரத்துக்குன்னு அஞ்சு மணியிலேருந்து உங்க பொண்ணு போட்டோவ தொறந்து தொறந்து பாத்துக்கினேதான் இருக்கோம். எல்லா வூட்லயும்!"

கேபிள்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா! என் லைனு எல்லாத்துக்கும் ஒரே ஒயரு. ஒரே நேரத்துல இழுத்தா இன்னாத்த வரும்?"

கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன்.

"அணைக்காத தம்பி" என்றார் சொல்தா. ஒரு விரலால் திரையில் அந்த நெற்றியைத் தொட்டார். "அப்படியே என் பொண்டாட்டி நெத்தி." இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டரும் ஓடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவரவராகவே அணைத்துவிட்டார்கள். சொல்தா கோட்டு போட்டுக்கொண்டு வந்து காத்திருந்தார். மகள் போனில்தான் பேசினாள். இனி ஞாயிறும் வேலையாம், இன்னொரு நாள் பார்க்கலாமாம். அவர் விடவில்லை. வாராவாரம் வந்தார், தெருவும் வாராவாரம் அணைத்தது. அந்த இன்னொரு நாள் வருவதற்குள் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். குழந்தையை அவர் பார்த்தது நெற்றிவரைதான்.

இப்போது என் வீட்டு லைனில் பத்துப் பேர் ஒன்றாகப் படம் பார்க்கலாம். ஆனாலும் ஞாயிறு ஐந்து மணி ஆனால் மோடத்தை அணைத்துவிடுகிறேன். "உங்களுக்குப் பைத்தியமா?" என்கிறாள் மனைவி. இருக்கட்டும். அந்த நேரம் சொல்தாவுடையது.