தண்ணீர் கேட்காத புல்

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதகுலம் அதற்குப் பிறகு செய்த மகத்தான காரியம், அதைப் பச்சை நிறத்தில் தரையில் விரித்து, அதன்மேல் பிள்ளைகளை ஓடவிட்டதுதான். அந்தப் பெருமையில் தனக்கும் பங்குண்டு என்பது செயற்கைப் புல் மைதானத்தின் பராமரிப்பாளருக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

மனிதர் விவரம் தெரியாதவர். பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானியோடு போய்த் தரையை அளந்துவிட்டார். அறுபத்தேழு டிகிரி! அலறியடித்துக்கொண்டு விளையாட்டுக் குழுத் தலைவரிடம் ஓடினார். தலைவர் ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, வெப்பத்தைப் பற்றிப் பொறுமையாக விசாரித்தார்.

"ரெண்டு மணிக்கு ஏன் அளந்தீங்க?"

"பிள்ளைங்க அந்த நேரத்துலதானே சார் விளையாடுறாங்க?"

"விளையாடுற நேரம் வேற, அளக்குற நேரம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. நாளைலேர்ந்து காலைல அஞ்சரைக்கு அளங்க."

காலை ஐந்தரைக்குப் புல் இருபத்தாறு டிகிரிக்கு இறங்கி வந்தது. 'வெப்ப மேலாண்மை' ஒரே நாளில் வெற்றி. குழு கைதட்டியது. பராமரிப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது தரையின் கடினத்தன்மை. எடை ஒன்றைத் தரையில் விழவிட்டுப் பார்க்கும் கருவி, கோல் கம்பத்துக்கு முன்னால் 'ணங்' என்றது. புல்லுக்குள் மெத்தை போலக் கிடக்க வேண்டிய ரப்பர் துகள்கள் ஓடிய கால்களோடு எப்போதோ ஓடிப்போயிருந்தன.

"சிமெண்டுத் தரை மாதிரி இருக்கு சார். புதுசா ரப்பர் கொட்டி, சீவி விடணும்."

"மெத்துனு எங்கயுமே இல்லையா?"

"மூலைக் கொடிகிட்ட இருக்கு. அங்க யாரும் போறதில்ல."

"அப்ப அங்க அளங்க."

அதற்கும் கையெழுத்து. ஆட்டத்துக்கு முன் கொஞ்சம் தண்ணீராவது அடிக்கலாமா என்று கேட்டபோதுதான் தலைவரின் மனம் புண்பட்டது. "தண்ணி கேக்காத புல்லுன்னுதானே ஊரெல்லாம் சொல்லி விரிச்சோம்! அதுக்குப் போய்த் தண்ணி ஊத்தினா நம்ம மரியாதை என்ன ஆகுறது?"

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பெண்கள் ஆட்டம். கோல்கீப்பர், பராமரிப்பாளரின் மகள். எதிரணி உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்தாள். பந்து நின்றது. அவள் நிற்கவில்லை. தொடை தரையில் தேய்ந்துகொண்டே போக, தலை 'ணங்' என்று மோதியது. தூக்கி நிறுத்தினால், தொடையின் தோல் உள்ளங்கை அகலத்துக்குப் புல்லிலேயே தங்கிவிட்டிருந்தது.

"அப்பா, எரியுதுப்பா!"

இருபத்தாறு டிகிரி என்று எழுதிக் கொடுத்த அப்பா குழாயடிக்கு ஓடினார். குழாயை இழுத்து வந்து மைதானம் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சினார். ஆட்டம் நின்றது.

திங்கட்கிழமை விசாரணை. குற்றச்சாட்டு: தண்ணீர் கேட்காத புல்லுக்கு, யாரையும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தது. மகள் தொடையில் கட்டும் தலைச்சுற்றலுமாக வீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழு அவள் தவற்றையும் கருணையோடு பரிசீலித்து, ஓர் அறிவிப்பைத் தயாரித்தது: 'மைதானம் அளவுகளின்படி பாதுகாப்பானது. ஆட்டக்காரர்கள் விழ நேர்ந்தால், காலை ஆறு மணிக்கு முன், மூலைக் கொடியருகே மட்டுமே விழ வேண்டும்.'

"கையெழுத்துப் போடுங்க," என்றார் தலைவர்.

பராமரிப்பாளர் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார். "போடுறேன் சார். இன்னிக்கு ரெண்டு மணிக்கு, கோல் முன்னாடி, எல்லாருமா செருப்பக் கழட்டிட்டு நின்னு போடுவோம்."

"என்னய்யா, விளையாடுறீங்களா?" தலைவர் துள்ளி எழுந்தார். "அங்க நின்னா கால் வெந்து போயிடும்!"

தலைவர் வாயிலிருந்து வருவதில் ஓர் எழுத்தும் விடுபடக் கூடாது என்பது தலைவரே போட்ட உத்தரவு. கூட்டக் குறிப்பு எழுதும் அம்மாள் கடமை தவறாதவர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதையும் எழுதி முடித்து, மைதானத்தைப் பற்றிய முதல் உண்மையான அளவீட்டைக் கையெழுத்துக்காகத் தலைவரிடம் நீட்டினார்.