பேய்களுக்கு ஹாஜரி எடுத்தவர்

பெங்களூரில் பேயே கிடையாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வேன். இருந்திருந்தால் அது ஹாஜரி அண்ணனிடம் மாட்டாமல் தப்பியிருக்க முடியாது. தொண்ணூறுகளில் இந்த ஊரில் காரை உதிர்ந்த பழைய பங்களா, பூட்டிக் கிடந்த ரயில்வே குவார்ட்டர்ஸ், வௌவால் தொங்கும் கோட்டைச் சுவர் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு ராத்திரியாவது விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். பேய்கள் அவருக்குப் பயந்து ஓசூர் பக்கம் குடிபோய்விட்டதாக எங்கள் கேன்டீனில் பேச்சு.

எங்கள் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் அவருக்கு வேலை. யார் வந்தார், யார் வரவில்லை என்று கேட்டில் நின்று பார்த்துப் போடுவதைக் கன்னடத்தில் ஹாஜரி என்பார்கள். அதுவே அவர் பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் உண்டு. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வேலையில் மகா கறார். வராதவனை வந்ததாகப் போட்டதும் இல்லை, வந்தவனை வரவில்லை என்று போட்டதும் இல்லை. மேனேஜரின் மச்சான் ஒருமுறை இந்த விஷயத்தில் அவரோடு மோதிப் பார்த்து, மூக்குடைபட்டுப் போனான்.

எனக்குப் பக்கத்து மேஜை. பேய் என்றால் எனக்கு நல்ல பயம். இருந்தும் அவரோடு போனதற்குக் காரணம், என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "நீ வாசல்லயே நின்னுக்கோ பா, உள்ள நான் பாத்துக்கறேன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். பாழடைந்த பங்களாவின் வாசலில் தனியாக நிற்பதைவிட உள்ளே ஒரு ஆளோடு இருப்பது தேவலை என்று எனக்குத் தோன்றிவிடும். அப்படியே நானும் பேய் வேட்டைக்காரன் ஆனேன்.

அவருடைய சாமான்கள் கொஞ்சம்தான். மங்கி கேப், டார்ச், ஃபிளாஸ்க் நிறைய காப்பி, ஒரு டேப் ரெக்கார்டர், பிஸ்கட் டப்பா நிறைய ராகி மாவு. மாவு தின்பதற்கு அல்ல. நடைவழியில் தூவி வைத்தால் யார் நடந்தாலும் தடம் விழும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பெரும்பாலும் எலிகளும் பூனைகளும்தான் தடம் பதித்தன. ஒருமுறை நானே பதித்துவிட்டேன். அவர் அதை நெடுநேரம் குனிந்து ஆராய்ந்துவிட்டு, "பாட்டா செருப்பு போட்ட பேய் பா" என்றார்.

மாவு தூவியபின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹாஜரி எடுப்பார். அதையும் நாலு பாஷையில் எடுப்பார். முதலில் "எனிபடி பிரசென்ட்?" பிறகு "யாராவது இருக்கீங்களா?" பிறகு "கோயி ஹை க்யா?" கடைசியில் கன்னடத்தில் "யாராதரூ இதீரா?" ஒவ்வொன்றுக்கும் நடுவில் மரியாதையாகக் காத்திருப்பார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"கட்டினவன் வெள்ளக்காரன். கல்லு செமந்தவன் நம்மாளு. குதிரய பாத்துக்கினவன் சாயபு. நெலம் கன்னடத்தானுது. இதுல யாரு செத்து நிக்கிறாங்கன்னு நமக்கு எப்படி பா தெரியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரையே ஒரு புரளி ஆட்டியது. ராத்திரியில் ஒரு பெண் பேய் வந்து, நமக்கு வேண்டியவர்கள் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுமாம். திறந்தால் ஆள் காலி. அதனால் எல்லோரும் கதவில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா என்று எழுதிவைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே பதில்தான். ஹாஜரி அண்ணனுக்கு இதில் ஒரே கோபம். வீடு தேடி வந்த ஒருத்தியை தினமும் அலைக்கழிப்பது கவர்மென்ட் ஆபீஸ் புத்தி என்றார். எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டை போடாமல் திரும்பிப் போகிறது என்றால் அது எவ்வளவு டீசன்டான பேயாக இருக்க வேண்டும் என்று என்னையே கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தன் கதவில் பெரிதாக 'இவத்தே பா' என்று எழுதினார். இன்றைக்கே வா. தெருவே திரண்டு வந்து அழிக்கச் சொல்லியும் அழிக்கவில்லை. பேய் வரவில்லை. ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் அதைப் படித்துவிட்டு தினமும் வந்துகொண்டிருந்தார்.

அவர் பிடிவாதத்துக்கு அத்திபெலே கதை ஒன்று போதும். அங்கே ஊருக்கு வெளியே ஒரு பழைய பயணியர் பங்களா. அதில் ஒரு ராத்திரி உட்கார்ந்து, ஹாஜரி எடுத்து, ஒருவரும் வராமல், கொசுக்கடியோடு திரும்பினோம். சில நாளில் எங்கள் லாரி டிரைவர் ஒருவர் கேன்டீனுக்குப் புதிய செய்தி கொண்டுவந்தார். அத்திபெலே பங்களாவில் இரண்டு பேய்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்று தலையில் குல்லாய் போட்டுக்கொண்டு நாலு பாஷையில் கத்துகிறதாம். இன்னொன்று நடுங்கிக்கொண்டே பின்னால் வருகிறதாம். ஹாஜரி அண்ணன் அன்றைக்கே லீவு போட்டார். அது நாம்தான் என்று போகிற வழியெல்லாம் நான் மன்றாடினேன். "இருக்கலாம். ஆனா செக் பண்ணாம சொல்லக்கூடாது" என்றார். நாங்கள் எங்களையே தேடிக்கொண்டு இன்னொரு ராத்திரி அங்கே உட்கார்ந்திருந்தோம்.

இப்படி வருஷக்கணக்கில் ஒரு பேயும் 'உள்ளேன்' சொல்லாமல் அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் ரோஸ்லின் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். ஹாஜரி அண்ணனின் கூடப் பிறந்த அக்கா. தாய் போனபின் இவரை வளர்த்து ஆளாக்கியவர். கணவரை இழந்தபின் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்திவந்தார். அதுதான் அவருக்குச் சோறு, அதுதான் அவருக்கு வீடு. சில வாரங்களாக மாடி நடைவழியில் ராத்திரி யாரோ நடக்கும் சத்தம். இரண்டு பெண்கள் காலி செய்துவிட்டார்கள். மற்றவர்கள் பெட்டி கட்டத் தயார். ஹாஸ்டல் காலியானால் பங்களாவை இடித்து ஃபிளாட் கட்ட ஆள் தயாராகக் காத்திருந்தது. அக்கா போவதற்கு வேறு இடம் இல்லை.

பெண்களுக்குத் தலைவி சுமா என்று ஷிமோகாவிலிருந்து வந்து பேங்கில் வேலை பார்த்தவள். வார்டனின் தம்பி மாடியில் ஒரு ராத்திரி இருக்கட்டும், டேப்பில் என்ன விழுந்தாலும் காலையில் எங்கள் எதிரில் போட்டுக் காட்டட்டும், ஏதாவது இருந்தால் நாங்கள் கிளம்பிவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அக்கா தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். "இத்தன வருஷம் இருக்குன்னு தேடினடா. எனக்காக ஒரே ஒரு ராத்திரி, இல்லன்னு தேடு" என்றார்.

"தேடறதுல ரெண்டு விதம் இல்லக்கா. இருந்தா இருக்குன்னுதான் சொல்லுவேன்" என்றார் இவர். அக்கா உள்ளே போய்விட்டார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

அன்றைக்கு நல்ல மழை. வாட்ச்மேன் கெம்பண்ணாவிடம் கேட்டை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவைத்துவிட்டு மாடிக்குப் போனோம். நீளமான நடைவழி. ஒரு கோடியில் நாங்கள். மறு கோடியில், பின்பக்கப் படிக்கட்டின் தலைமாட்டில் டேப் ரெக்கார்டர். நடுவில் ராகி மாவு. அவர் வழக்கம்போல நாலு பாஷையிலும் உரக்கக் கேட்டார். ஓட்டின் மேல் விழுந்த மழையில் எங்கள் பேச்சே எங்களுக்குக் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். அவர் ஒரு நிமிஷம்கூடக் கண்ணயரவில்லை.

விடிந்ததும் மாவில் தடம் தெரிந்தது. மரநாயின் தடம். கூரைச் சந்து வழியாக இறங்கி வந்து, உலாத்திவிட்டுப் போயிருக்கிறது. ராத்திரிச் சத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று தெரிந்ததும் அக்காவின் முகத்தில் உயிர் வந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சொன்ன சொல்லுக்காக டேப்பையும் போட்டுவிடலாம் என்று சுமா சொன்னாள். போட்டோம்.

மழைச் சத்தம். தூரத்தில் ஹாஜரி அண்ணனின் குரல். இங்கிலீஷுக்குப் பதில் இல்லை. தமிழுக்கு இல்லை. உருதுவுக்கும் இல்லை. "யாராதரூ இதீரா?" என்ற குரல் ஓய்ந்து சற்று நேரம் கழித்து, டேப்புக்கு வெகு அருகில், கனத்த குரல் ஒன்று "இல்லே..." என்றது. அதற்குமேல் மழை.

அறையில் தட்டுச் சத்தம் நின்றது. தங்கவயலிலிருந்து வந்த ஸ்டெல்லாதான் முதலில் சுதாரித்தாள். "இல்லேன்னுதானே சொல்லுது. அப்புறம் இன்னா பயம்?" என்றாள்.

சுமாவின் முகம் வெளுத்திருந்தது. "உங்க தமிழ்லதான் அதுக்கு இல்லன்னு அர்த்தம். எங்க கன்னடத்துல இல்லேன்னா இங்கயேன்னு அர்த்தம். இங்கயேதான் இருக்கேன்னு சொல்லுது" என்றாள்.

ஸ்டெல்லா சற்று யோசித்தாள். "சரி, இல்லேன்னே வச்சுக்கோ. அத சொல்றது யாரு?" என்றாள். அதோடு தமிழ், கன்னடம் என்ற பேதம் அந்த அறையில் ஒழிந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாடிப்படியில் பெட்டி இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. கேட்டில் நின்ற கெம்பண்ணாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ராத்திரி முழுக்க கேட்டை விட்டு நகரவே இல்லை என்று சத்தியம் செய்தான்.

சுமா ஹாஜரி அண்ணன் எதிரில் வந்து நின்றாள். "அங்கிள், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு வார்டன் ஆன்ட்டி சொல்லிருக்காங்க. அது யாரு, நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் டேப்பைத் திருப்பி, காதை ஒட்டவைத்து இன்னொரு முறை கேட்டார். அவர் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷம் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"நான்தாம்மா அது" என்றார். "கண்ணு சொக்கிடுச்சு. எழுந்து, மாவ மிதிக்காம ஓரமா போயி டேப் ஓடுதான்னு பாத்தேன். அங்க ஒரு கொட்டாவி விட்டேன். என் கொட்டாவி அப்படித்தான் வரும்."

சுமா லேசில் விடுகிறவள் அல்ல. கொட்டாவி விட்டுக் காட்டச் சொன்னாள். அவரும் விட்டார். முதல் கொட்டாவி சரியாக வரவில்லை. இரண்டாவதும் பேய் சொன்னதுபோல இல்லை. மனிதர் அசரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆவ்... இல்லே..." "ஆவ்... இல்லே..." என்று விட்டுக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லாவுக்குக் கொட்டாவி தொற்றியது. அவளிடமிருந்து அடுத்தவளுக்கு. கடைசியில் சுமாவே வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று விட்டாள். அறை முழுக்க ஒரே சிரிப்பு. பெட்டிகள் மாடிக்குத் திரும்பின. பெண்கள் கேட்டதற்காக, அந்த டேப்பில் அக்காவை ஒரு ஞானப்பாட்டுப் பாடவைத்து, பழையதை அழித்தும் விட்டார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவர் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "கேட்டியா பா?" என்றார். கேட்டேன் என்றேன்.

"இருந்தவங்கள இல்லன்னு போட்டுட்டேன். மொத தடவ. அவங்க இன்னா நெனச்சுக்குவாங்க?"

அவங்களுக்குப் புரியும்ணே என்றேன். தொழிற்சாலையில் கதை எப்படியோ பரவி, காவல் காக்கப் போன இடத்தில் தூங்கியவர் என்று அவரைக் கொட்டாவி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ரிட்டையர் ஆகும்வரை அதைச் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பங்களாவுக்கும் போகவில்லை.

பல வருஷம் கழித்து சந்தாபுராவில் ஒரு ஃபிளாட்டுக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். வாசலில் சல்யூட் அடித்த வாட்ச்மேன் கெம்பண்ணா. பழைய கதை பேசினோம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு மழை தாங்காமல் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி, மேல் படியில் படுத்துத் தூங்கிவிட்டானாம். யாரோ கன்னடத்தில் யாராவது இருக்கீங்களா என்று கேட்டது காதில் விழுந்ததாம். ஹாஜரி எடுக்கிற சார் வாட்ச்மேனுக்கும் ஹாஜரி எடுக்கிறார் என்று நினைத்து, தூக்கத்திலேயே "இல்லே இதீனி சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டானாம். இங்கயேதான் இருக்கேன் சார். பாதியை மழை விழுங்கிவிட்டது. காலையில் வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

"பாபம், ஒள்ளே மனுஷ்யா, நல்லவரு அவரு. இப்பவாவது சொல்லிடட்டா சார்?" என்றான். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராக ஹாஜரி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

உடம்பு மெலிந்து கட்டிலில் இருந்தார். அக்கா அதற்கு முந்தின வருஷம் போய்விட்டார், கடைசிவரை அதே ஹாஸ்டலில் இருந்தபடியே. கல்யாணம் காட்சி இல்லாத மனிதர், இனி அவருக்கென்று ஒருவரும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "அந்தக் கொரல் இன்னும் காதுலயே இருக்கு பா. நானும் சீக்கிரம் அந்தப் பக்கம்தான் போகணும். பேச்சுக் கொடுத்தா பதில் சொல்ற ஆளு அங்க இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால பயமில்ல" என்றார். "நீயும்தானே கேட்ட? தெளிவாத்தானே இருந்துச்சு?"

கெம்பண்ணாவைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ரொம்பத் தெளிவா இருந்துச்சுண்ணே என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.