ஆணை ஏதும் இல்லை, அமைதி கொள்க

தூய்மையில் அளவு கடந்த பற்றுடையவன் பிறர் பொருளைத் துடைத்து வைக்கப் புகுந்தால், அழுக்கோடு அப்பொருளின் பெயரும் போய்விடும் என்பது என் முடிந்த முடிபு. இதை நான் எய்துவதற்காக என் மகளின் பனியன் தொழிற்கூடம் சில நாள் கைகட்டி நிற்க நேர்ந்தது.

இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், பொழுது போகக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். மகள் பூங்கொடியும் மருமகன் செந்திலும் திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் ஏற்றுமதித் தொழில் நடத்திவந்தனர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரை நம்பியே அவர்களது பிழைப்பு. அவருடைய கொள்முதல் ஆணைகள் இணையச் சேவை வழியாக எக்ஸ்எம்எல் ஆவணங்களாக வரும். அளவு, நிறம், எண்ணிக்கை என ஒவ்வொன்றையும் பெயரிட்ட உறைகளுள் இட்டு அடுக்கிய ஆவணம் அது. பூங்கொடி அதைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"இதற்கு ஒரு நிரல் எழுதிவிடலாமே" என்றேன்.

"கம்ப்யூட்டர்காரர் ஒருத்தரைக் கூப்புடலாமுங்கப்பா."

"எதற்கு? நான் இருக்கிறேன்."

(இத்தொடர் எங்கள் வீட்டில் இப்போது வழக்கொழிந்துவிட்டது.)

மாதிரிக்கெனப் பழைய ஆணை ஒன்றைத் தந்தாள். அதன் தலைவாசலில், எல்லாவற்றையும் சூழ்ந்த வெளியுறையான மூல உறுப்பின் தொடக்கத்திலேயே, ‘xmlns’ என்ற எழுத்துகளை அடுத்து நீண்டதோர் இணைய முகவரி இருந்தது. அதைச் சொடுக்கினேன், பக்கம் ஏதும் திறக்கவில்லை. ஆளில்லாத வீட்டின் முகவரிக்கு இங்கென்ன வேலை? என் மாதிரியிலிருந்து நீக்கினேன். ஆவணம் குளித்தெழுந்தாற்போல் பொலிந்தது. ‘order’ எனப் பெயர் கொண்டவற்றையெல்லாம் கொண்டுவருக என்று நிரலுக்குக் கட்டளையிட்டேன். ஒன்று விடாமல் கொண்டுவந்தது.

ஆணை வராத நாளில் வெறும் சுழியம் காட்டுவது பண்பன்று எனக் கருதி, "இன்று ஆணை ஏதும் இல்லை, அமைதி கொள்க" என்னும் அறிவிப்பையும் சேர்த்தேன். நிரலைக் காட்டிலும் இவ்வறிவிப்புக்கே நான் கூடுதல் நேரம் செலவிட்டேன்.

திங்களன்று நிரல் பணியேற்றது. ஆணை ஏதும் இல்லை. அமைதி கொள்க என்றது. மறுநாளும் அதையே மொழிந்தது. அதற்கடுத்த நாளும் தன் சொல்லினின்று பிறழவில்லை. வெட்டுமேசைகள் ஓய்ந்தன. வடநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர். நானோ, நிரல் பிழையின்றி இயங்குவது கண்டு உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பழைய முறையில் ஒருமுறை ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். அப்பன் செய்ததை ஐயுறுவது முறையன்று எனப் பூங்கொடி வாளாவிருந்தாள். வாடிக்கையாளரின் திருப்பூர்ப் பிரதிநிதி ரஹீம் பாயைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். செந்தில் அதற்கும் இசையவில்லை.

"ஆர்டர் ஏன் வரலைன்னு போன்ல கேட்டா நல்லா இருக்காதுங்க மாமா. போன சரக்குல கைத்துணி உடம்புத்துணியை விடக் கொஞ்சம் வெளுத்திருந்துச்சுங்க. கண்டுபுடிச்சுக் கோவிச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குது. நேர்ல போயிரலாமுங்க. நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மனத்தாங்கல் என்றால் நேரில் செல்வதும், வெறுங்கையோடு செல்லாமையும், சென்ற காரணத்தை உடனே சொல்லாமையும் எங்கள் பக்கத்து மரபு. ஊத்துக்குளி நெய் ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு மூவரும் புறப்பட்டோம்.

"வாங்கய்யா, வாங்க. ஊட்ல எல்லாரும் சௌரியமுங்களா?" என்று எழுந்து நின்று வரவேற்றார் ரஹீம் பாய்.

வெயிலைப் பற்றிப் பேசினோம். மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். அவருடைய மகளின் கல்லூரிப் படிப்பு, என் முழங்கால் வலி ஆகியவற்றையும் விரிவாக ஆராய்ந்தோம். தேநீர் வந்ததும் செந்தில் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சென்ற சரக்கில் சட்டையின் உடற்பகுதிக்கும் கைப்பகுதிக்கும் இடையே நிற வேறுபாடு நேர்ந்தமைக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் வருந்துகிறேன். அதன்பொருட்டுத் தாங்கள் ஆணைகளை நிறுத்திவிடலாகாது."

ரஹீம் பாய் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நெற வேறுபாடுங்களா? எந்தச் சரக்குலீங்க?"

செந்தில் நெய்த் தூக்கைப் பார்த்தார். பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எனக்கு அது தெரியவே தெரியாதுங்களே" என்றார் அவர். "அப்புறம், ஆர்டரை நான் எங்கீங்க நிறுத்துனேன்? திங்கக்கெழமையே போட்டாச்சு. நீங்கதான் ஒரு பதிலும் போடலை. கேட்டாச் சங்கடப்படுவீங்கன்னு நானும் கேக்கலை. முடியாதுன்னு நேர்ல சொல்லத்தான் நெய்யோட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். முதலிபாளையத்துல வேறொருத்தர்கிட்டப் பேசி வெச்சிருக்கேன். சாயங்காலம் அவருக்கு உறுதி சொல்லோணும்."

பூங்கொடி மடிக்கணினியை அங்கேயே விரித்து, இணையச் சேவையின் ஆவணத்தை நேரடியாகத் திறந்தாள்.

"அப்பா, எல்லாமே இருக்குதுங்களே."

நான் நிரலை இயக்கினேன். திரையில் தோன்றியதை ரஹீம் பாய் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "இன்று ஆணை ஏதும் இல்லை. அமைதி கொள்க." பிறகு மிகுந்த மரியாதையோடு, "நல்லாத்தானுங்க எழுதியிருக்குது" என்றார்.

ஆவணத்தையும் என் மாதிரியையும் அருகருகே வைத்தபோது, வேறுபாடு தலைவாசலில்தான் இருந்தது. நான் துடைத்தெறிந்த முகவரி அங்கே அசையாமல் வீற்றிருந்தது. அது பார்ப்பதற்குரிய பக்கம் அன்று; குடும்பப் பெயர். நிரலாளர்கள் இதை இயல்புப் பெயர்வெளி (default namespace) என்பர். மூல உறுப்பில் ஒருமுறை அறிவித்துவிட்டால், உள்ளிருக்கும் உறுப்புகள் தனித்தனியே சொல்லிக்கொள்ளாமலே அக்குடும்பத்தைச் சேர்ந்தவையாகிவிடும். வாயிலில் ஒரே பெயர்ப்பலகை தொங்கும் கூட்டுக்குடும்பம் போல. என் நிரலோ, "எக்குடும்பத்தையும் சேராத order எவரேனும் உளரோ?" என்று வாசலில் நின்று வினவியிருக்கிறது. இல்லை என்பதே அதற்கு உண்மையான விடை. ஆகவே பிழைச்செய்தி கூட எழவில்லை.

தீர்வு சிறிது. அம்முகவரிக்கு என் நிரலில் ஒரு குறும்பெயர் சூட்டி, அதை முன்னொட்டாக வைத்துக் கேட்க வேண்டும். ஆவணத்தில் அக்குறும்பெயர் இல்லையே என்று ஒருகணம் தயங்கினேன். இருக்கத் தேவையில்லை, ஒப்பிடப்படுவது முகவரிதான். திருத்தி இயக்கினேன். ஆணைகள் வரிசையாக வந்து நின்றன. பூங்கொடி அங்கிருந்தபடியே ஏற்பு அனுப்பினாள். ரஹீம் பாய் முதலிபாளையத்துக்கு அழைத்து, வேண்டாமென்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க செந்திலு. இனி எந்தச் சரக்கு ஏத்துனாலும், உடம்புத்துணி ஒண்ணு, கைத்துணி ஒண்ணு முன்னாடியே இங்க வந்துரோணும்."

திரும்பும் வழியில் செந்தில், "மாமா, நெய்யை மட்டும் குடுத்துட்டு வந்திருக்கலாமுங்க" என்றார்.

இன்றும் ஒவ்வொரு சரக்குக்கும் முன்னால் இரண்டு துண்டுத் துணிகளோடு அவர் ரஹீம் பாயின் அலுவலகத்துக்குப் போய்வருகிறார். நானும் என் அறிவிப்பை மாற்றிவிட்டேன். "எனக்கு அகப்படவில்லை, இல்லையென்று கொள்ளற்க" என்பது புதிய வாசகம். ஆயினும் குடும்பத்தில் நிலைத்தது பழையதுதான்.

சென்ற வாரம் உணவு வேளையில், "நெய் இருக்கிறதா?" என்று கேட்டேன். மருத்துவர் எனக்கு நெய்யைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

"இல்லீங்க" என்றாள் மனைவி, தட்டிலிருந்து தலை நிமிராமலே. "அமைதி கொள்க."

நான் எழுந்து சென்று அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு தூக்கு நிறைய இருந்தது.