ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிய ஆய்வறிக்கை

வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டதிலிருந்து நம் கெடா ரப்பர் தோட்டங்களுக்கு இரண்டு வகை வெளியாட்கள் வருகிறார்கள். துப்பாக்கியோடு வருகிறவர்கள் ஒரு வகை, ஃபைலோடு வருகிறவர்கள் இன்னொரு வகை. துப்பாக்கிக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்று நமக்குத் தெரியும். கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். ஃபைல்காரரிடம்தான் சிக்கல். அவர் நம்மை உட்காரச் சொல்வார். சுகமா என்பார். நம் கஷ்டத்தை நம்மைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவார். அவருக்குச் சமூக நல ஆராய்ச்சியாளர் என்று பெயர்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? இவர்களில் ஒருவரும் முதலிலிருந்தே ஆராய்ச்சியாளராக இருந்தவரில்லை. வேறு ஏதோ வேலையில் பத்துப் பதினைந்து வருஷம் தேய்ந்து, அங்கிருந்து ஓய்வு பெற்றோ, மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டோ, ஒரு நல்ல நாளில் திடீரென்று ஏழைகள்மேல் அக்கறை பிறந்தோ இந்தப் பக்கம் திரும்பியவர்கள். வேலை மாறிவிடும்; ஆள் மாறமாட்டார். போன வருஷம் வந்தவர் முன்னாள் மாட்டு டாக்டர். வருமானம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வேலையாட்களை மேய்க்கும் எங்கள் தண்டல் முனியாண்டியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். அதற்கு முந்தியவர் பள்ளிக்கூட வாத்தியார்.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"ஏழு பேருங்க, சார்."

"தவறு. யோசித்துச் சொல்."

பயந்துபோய் ஆறு என்று சொன்னவனுக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போட்டுவிட்டுப் போனார். அந்த ஏழாவது ஆள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான்.

இந்த வருஷம் எங்களுக்கு வாய்த்தவர் திரு. பரஞ்சோதி. பதினான்கு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். எங்கள் தோட்டம் செமிலிங் பக்கம் இருக்கிறது. நான் அங்கே கிராணி. அதாவது வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதுகிறவன், டைப் அடிக்கிறவன், வருகிற பெரிய மனிதர்களோடு குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவன். பரஞ்சோதி சின்ன மோரிஸ் காரில் வந்திறங்கினார். கண்ணாடியில் அரசாங்கச் சீட்டு ஒட்டியிருந்தது. இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ நாலு நிமிஷம் தாமதமாக வந்த ரயில் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அவர் ஆராய வந்த விஷயம் இதுதான். அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, வேலையாட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். போட்ட புண்ணியவான் காகிதத்தில் நேராக ஒரு கோடு கிழித்தார். ஆயாக் கொட்டகை நாற்பதடி வெளியே நின்றுவிட்டது. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடிந்தும் விடியாமலும் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. கேட்டைத் தாண்டிப் பிள்ளை போகலாம். பிள்ளையின் கஞ்சி போகக்கூடாது. ஆக, பதினொரு பிள்ளைகளுக்கு விடியற்காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒரு மணி வரை பச்சைத் தண்ணீர்தான்.

கேட்டுக் காவலர் ஈசா மலாய்க்காரர், நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அக்கா. தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார், முகம் வாடும், "மக்கான் தா போலே லா, அக்கா," என்பார். சாப்பாடு கூடாதாம். மருதம்மாளிடம் இதைத் தினமும் சொல்வார். அவளுக்கு ஒன்றரை வயதுப் பையன். தினமும் கேட்டும் அவள் தினமும் சட்டியோடு வருவாள்.

மருதம்மாள்தான் தோட்டத்து மேனேஜர் துரையிடம் நேரே போய்க் கேட்டவள். "வேலிய ஒரு நாப்பதடி தள்ளிப் போடுங்க, தொரே. கொட்டகையும் உள்ள வந்துரும்." துரை நியாயம்தான் என்றார். நியாயம் என்பதால் உடனே செய்துவிட முடியுமா? ஆய்வு நடக்கவேண்டும், அறிக்கை வரவேண்டும் என்றார். அப்படித்தான் பரஞ்சோதி வந்தார். வேலி நகர்வதும் நகராததும் அவர் பேனாவில் இருந்தது.

வந்த அன்றைக்கே அவர் கேட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஐந்தரைக்குத் திறக்கிறது. மாலை ஆறு மணிக்குச் சாத்துகிறது. வெளியே போகிறவர்களை எண்ணி விடுகிறார்கள். "கிராணி, இப்படி ஒரு ஒழுங்கு எங்கள் லைனில்கூடக் கிடையாது," என்றார். கண் கலங்கியதோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மருதம்மாளிடம் திரும்பினார்.

"குழந்தை எத்தனை மணிக்கு அழுகிறது?"

"பசிக்கிறப்ப அழுவுங்க."

"மணி சொல்லம்மா."

"என்கிட்ட ஏதுங்க மணி? காலையில பெரட்டு மணி அடிச்சா பேர் குடுப்பேன், சங்கு ஊதுனா வீட்டுக்கு வருவேன். நடுவுல அது அழுவுதான்னு மரத்து நெறையில நிக்கிற எனக்கு எப்படிக் கேக்கும்?"

'அழுகை: கால அட்டவணை இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

மருதம்மாள் விடவில்லை. "ஐயா, பிள்ளைங்க என்ன திங்குதுன்னுதான எழுதப்போறீங்க? திங்கிறதக் கண்ணால பாக்க வேணாமா? கஞ்சிய நீங்களே காருல ஏத்திக் கொண்டாந்து பாருங்க. உங்க காரத்தான் யாரும் தெறக்கமாட்டாங்களே."

இதில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஓர் அழகு தெரிந்தது. ஓரிடத்தில் சரக்கு, இன்னோரிடத்தில் அதைப் பெறுகிறவர், நடுவே ஒரு வண்டி! பதினொரு வீட்டுப் பெண்களும் ரேஷன் அரிசியில் ஆளுக்கொரு பிடி போட்டுப் பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சினார்கள். பரஞ்சோதி அதன்மேல் 'ஆய்வுப் பொருள், கவிழ்க்காதே' என்று சீட்டு ஒட்டிப் பின் சீட்டில் வைத்தார். ஈசா காருக்கு ஒரு சல்யூட் அடித்தார். வாசனை மூக்கில் ஏறாமல் இருக்குமா? ஏறத்தான் செய்தது. சல்யூட்டைக் கொஞ்சம் நீட்டித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று நாள் இப்படி நடந்தது. பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள், தூங்கினார்கள், எழுந்து ஆயாவின் வெற்றிலைப் பையை இழுத்து விளையாடினார்கள். பரஞ்சோதி ரப்பர் பால் நிறுக்கும் தராசை வரவழைத்து, முதல் நாளும் மூன்றாம் நாளும் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தார். எடை ஏறியிருந்தது! மருதம்மாளின் பையன் தராசில் உட்கார்ந்து சிரித்தான். கொட்டகைக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்த மருதம்மாள் என்னிடம், "வேலி நகந்துரும்ல, கிராணி ஐயா?" என்றாள். நகர்ந்துவிடும் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாம் நாள் மாலை அறிக்கையை என்னிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். முடிவுரை இது: 'குழந்தைகள் ஆரோக்கியமாக உள்ளனர். அழுகை இல்லை. எடை கூடி வருகிறது. கேட் குறித்த நேரத்தில் இயங்குகிறது. எனவே இப்போதுள்ள ஏற்பாட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை.'

எனக்குக் கை நின்றுவிட்டது.

"ஐயா, கஞ்சி உங்க காருலதானே வந்துச்சு?"

"ஆமாம்."

"நாளைக்கு நீங்க போயிட்டா?"

பரஞ்சோதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முதலாம் வகுப்பு டிக்கெட்டுக்கும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் பேசுவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "கிராணி, ஆராய்ச்சி செய்கிறவன் தன்னை அறிக்கைக்குள் கொண்டுவரக்கூடாது. அது பெரிய தப்பு. நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன்."

பொய் சொன்னாரா? இல்லையே! ஒரு வரிகூடப் பொய்யில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு மூன்று படி அடித்து, ஓரம் மடங்காமல் உறையில் போட்டு, கார்க்கதவையும் திறந்துவிட்டேன். கிராணி வேலை பார்த்தவன் வேறென்ன செய்வான்? அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. துரைக்கு நிம்மதி. 'மிகத் தெளிவான ஆய்வு' என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. வேலி அதே நேர்கோட்டில் நிற்கிறது.

பரஞ்சோதி இப்போது அலோர் ஸ்டார் பக்கம் வேறொரு தோட்டத்தின் நலனை ஆராய்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. அவரைப் போன்றவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று கேட்கிறீர்களா? ஃபைலை வைத்துத் தேடாதீர்கள். ஃபைல் இல்லாமலும் திரிகிறார்கள். நாற்காலியில் சாய்ந்து, அடுத்தவர் கஷ்டத்தைச் சுவாரசியமாகக் கேட்டு, இடையிடையே சிரித்து, நல்ல விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டோம் என்ற திருப்தியோடு எழுந்து போவார்கள்.

நீங்கள் அந்த வகையில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம். மாட்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள், வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தீர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்மேல் கோபமும் பட்டீர்கள். எல்லாம் சரி. நாலாம் நாள் காலையில் அந்தப் பதினொரு பிள்ளைகளும் என்ன சாப்பிட்டார்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லையே?