ஏழாவது விதிக்கு ஓர் ஆள்

ஏழாவது விதியைக் குமரேசன் நான்காவது முறையாகப் படித்தார். நான்கு முறையும் அது ஒரே விஷயத்தைத்தான் சொன்னது.

மாணவர்களுக்கு அரசுக் கல்விக் கடன் கிடைக்க வேண்டுமென்றால் கல்லூரி சான்று கொடுக்க வேண்டும். சான்று கொடுக்கும் முன் 'கடன் விழிப்புணர்வு வகுப்பு' ஒன்று நடத்த வேண்டும். வகுப்பு எடுப்பவர் அதே கல்லூரியில் கடன் வாங்கிப் படித்து, அதைச் சொந்தச் சம்பாத்தியத்தில் முழுசாகக் கட்டி முடித்தவராக இருக்க வேண்டும். வகுப்பு நடந்த புகைப்படத்தையும், வங்கி கொடுத்த 'பாக்கி இல்லை' கடிதத்தையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணி.

சுற்றறிக்கை வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் அது சேர்மன் சகாதேவனின் காரில், விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் சுகமாகப் படுத்திருந்தது. இன்று பௌர்ணமி. புதுப் பொட்டலம் வாங்கியதால் பழையதை எடுத்திருக்கிறார்கள்.

குமரேசன் அந்தக் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கல்விக் கடன் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. சேர்மனுக்குப் போன் போட்டார்.

"சார், கடனைக் கட்டி முடிச்ச பழைய ஸ்டூடன்ட் ஒருத்தர் வேணும் சார்."

"அதுக்கு இன்னா? பதினஞ்சு வருஷமா காலேஜ் நடத்தறோம். எத்தினி பேர் படிச்சிருப்பான்! ஒருத்தன் கூடவா கட்டியிருக்க மாட்டான்?"

"தேடணும் சார்."

"தேடு. நாப்பத்தோரு பேரோட ஃபீஸ் இதுல இருக்குது. அஞ்சு மணிக்குள்ள முடியலன்னா நாளைக்கு நீ ஆபீஸ் பக்கமே வராத."

சேர்மன் இதை வருடத்துக்கு யாராவது ஒருவரிடம்தான் சொல்வார், சொன்னால் செய்தும் விடுவார். இந்த வருடத்துக்கு அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் குமரேசனைப் பயமுறுத்தியது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் வேறு.

அலுவலகச் சுவரில் முதல் பேட்ச் பட்டமளிப்பு விழாப் படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கியில் மூன்று வரிசைப் பிள்ளைகள், நடுவில் மாலையோடு சேர்மன். துப்புரவுப் பணியாளர் ஆதிலட்சுமி வழக்கம்போல அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி பேர்ல ஒருத்தர் கூடவா கடனைக் கட்டியிருக்க மாட்டாங்க, ஆதிலட்சுமி?"

அவள் ஒரு நிமிடம் படத்தையே பார்த்தாள். "டீ கொண்டாரட்டா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் பேட்ச் முதலான பழைய பதிவேடுகளெல்லாம் ஒரு கார்த்திகை மழையில் கூழாகிப் போயிருந்தன. மீதியிருந்த ஒரே ஆதாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குமரேசன் நிதானமாகத் தட்டினார்: 'அரசுக் கல்விக் கடன் வாங்கியவர்கள் உடனே அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும். முழுசாகக் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்ற விவரம் அவசரமாகத் தேவை.'

பத்து நிமிடத்தில் குழுவில் நான்கு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவர் குமரேசன். இன்னொருவர் போனைத் தொலைத்துவிட்டவர்.

வார்த்தை கொஞ்சம் காரமாகிவிட்டது என்று அவருக்கே தோன்றியது. சர்க்கரை தூவி இன்னொன்று அனுப்பினார்: 'யாரும் பயப்பட வேண்டாம். கல்விக் கடன் விஷயமாக நல்ல செய்தி. நேரில் வரவும். சால்வை உண்டு.'

மிஞ்சியவர்கள் அதை வெளியேறியவர்களுக்கு அனுப்பினார்கள். கடன், நல்ல செய்தி என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் எவருக்கும் ஓர் அர்த்தம்தான் தோன்றும். பன்னிரண்டு மணிக்குள் திருவண்ணாமலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கல்விக் கடன் தள்ளுபடி. செங்கம் ரோட்டுக் கல்லூரியில் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்று ஒரு நாள்தான்.

கேட் முன்னால் கூட்டம் சேர்ந்தது. எல்லார் கையிலும் பாஸ்புக். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பட்டதாரிகள் வந்து இறங்கினார்கள். கிரிவலம் வந்தவர்களில் சிலர் அன்னதான வரிசை என்று நினைத்துக் கடைசியில் நின்றுகொண்டார்கள்.

குமரேசன் கேட்டுக்குள் நின்றபடி கத்தினார். "தள்ளுபடில்லாம் ஒண்ணும் இல்லீங்க! யாரோ புரளி கெளப்பி விட்டுட்டாங்க!"

"அப்போ சால்வை?" என்றது ஒரு குரல்.

"அது கட்டினவங்களுக்கு."

"கட்டினவனுக்குச் சால்வை, கட்டாதவனுக்கு ஒண்ணும் கெடையாதா? இது இன்னாங்க நியாயம்?"

கூட்டம் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு கைதட்டியது. அவர்களைக் கலைந்து போக வைக்க குமரேசனுக்கு ஒரு வழி தோன்றியது. ஒரு நீளமான நோட்டைக் கொடுத்து, பேர், ஊர், கட்டியாச்சா இல்லையா என்று எழுதிவிட்டுப் போகச் சொன்னார். நோட்டு வந்ததும் எல்லாருக்கும் நம்பிக்கை உறுதிப்பட்டது. தள்ளுபடி இல்லையென்றால் பேரை எதற்கு எழுதச் சொல்கிறார்கள்? வேறு கல்லூரிகளில் படித்தவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர் நகைக் கடன் ரசீதைக் கொண்டுவந்திருந்தார்.

இரண்டரை மணிக்கு நோட்டு உள்ளே வந்தது. நூற்றெழுபத்து மூன்று பேர். 'கட்டியாச்சு' என்று எழுதியிருந்தது ஒரே ஒருவன். மாறன், இதே கல்லூரியில் பி.காம்., ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் வேலை.

குமரேசன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நெஜமாவே கட்டிட்டியா?"

"முழுசா கட்டியாச்சு சார். லெட்டர்கூட வெச்சிருக்கேன்."

அந்தக் கடிதத்தை அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். காலையிலிருந்து செமினார் ஹாலில் காத்திருந்த நாற்பத்தொரு பிள்ளைகள் முன்னால் அவனை உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார். முதல் பெஞ்சில் சதஃப், இரண்டாம் வருடம் பி.எஸ்சி. பக்கத்தில் அவள் அப்பா பீர் முகம்மது. தேரடித் தெருப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருப்பவர். முதல் வருடக் கட்டணத்துக்குக் கடையில் இருந்த பஞ்சு அடிக்கிற மிஷினை விற்றாயிற்று. இரண்டாம் வருடத்துக்கு விற்க எதுவும் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடன்.

"எப்டி கட்டினேன்னு பசங்களுக்குச் சொல்லு தம்பி" என்று மைக்கைக் கொடுத்தார் குமரேசன்.

மாறன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மொதல்ல சம்பளத்துல கட்டலாம்னு பாத்தேன். சம்பளம் கம்மி. வட்டிக்கே பத்தல. அப்பறம் நம்ம கடைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா தெனமும் வருவாங்க. தியானம் பண்றப்போ அவங்களுக்குத் தெரிஞ்சுதாம், போன ஜென்மத்துல நான் அவங்களுக்குத் தம்பின்னு. அக்கா இருக்கும்போது தம்பிக்கு இன்னாத்துக்குக் கடன்னு, ஒரே செக்கா குடுத்துட்டாங்க."

பிள்ளைகள் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள்.

"அந்தம்மா இப்போ எங்க தங்கியிருக்காங்கண்ணா?" என்று கேட்டது பின் பெஞ்ச்.

"அவங்களுக்கு எத்தினி தம்பிங்க?" என்றது அதற்குப் பின் பெஞ்ச்.

குமரேசன் மைக்கைப் பிடுங்கினார். ஏழாவது விதி, சொந்தச் சம்பாத்தியம் என்றிருந்தது. போன ஜென்மத்து உறவை அதில் எந்த மூலையிலும் சேர்க்க முடியாது. சால்வையைத் திரும்பக் கேட்டார். மாறன் கொடுக்கவில்லை.

நான்கு மணிக்கு அலுவலகத்துக்கு ஓடிவந்து, கெடுவை நீட்டிக் கேட்கலாமென்று இணையதளத்தைத் திறந்தார். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழைய ஹிஸ்டரிய அழிச்சிட்டு, வேற பிரௌசர்ல தொறந்து பாருங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்படியே செய்தார். திறந்துகொண்டது. வாசலில் நிற்கும் பிள்ளைகளில் யாரோ என்று நினைத்து, திரும்பாமலே "தேங்க்ஸ்ம்மா" என்றார். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரிதான்: கால நீட்டிப்பு இல்லை.

குமரேசன் ஹாலுக்குத் திரும்பும்போதுதான் சேர்மனின் கார் கேட்டுக்குள் நுழைய முயன்றது. கூட்டம் மறித்து மாலை போட்டது. தள்ளுபடியில் முதல் கையெழுத்து சேர்மனுடையதுதான் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவர் ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது சட்டையில் இரண்டு பட்டன் இல்லை, சட்டைப் பையில் யாரோ திணித்த மூன்று பாஸ்புக் இருந்தன.

"வெளிய நிக்கறது பூரா நம்ம கிட்ட படிச்சதுங்கதான்யா!" என்று குமரேசனிடம் சீறினார். "மாலை போட்டா சும்மா போவுதுங்களா? சட்டப்படி பதில் சொல்லுங்கன்னு கேக்குதுங்க! இதுக்குத்தான் பெருக்கற வேலைக்குக்கூட எட்டாவதுக்கு மேல படிச்சவங்கள எடுக்காதன்னு ரூல் போட்டு வெச்சிருக்கேன். படிச்சவன் கேள்வி கேப்பான்."

"ஆமாங்க சார்."

"ஆள் கெடைச்சுதா?"

"இல்லீங்க சார்."

மணி நாலு இருபது. குமரேசன் மைக் இல்லாமலே பிள்ளைகளிடம் சொன்னார். "கடன் வாங்கி, சம்பாதிச்சுக் கட்டி முடிச்சவங்க நம்ம காலேஜ்ல ஒருத்தர்கூட இல்லம்மா. சான்று குடுக்க முடியாது. வீட்டுக்குப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பீர் முகம்மது மகளின் தோளைத் தொட்டார்.

"எழுந்திரும்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம். ஜாஸ்தி யோசிக்காத."

"அடுத்த வருசம் இன்னா மாறிடும்ப்பா?" என்றாள் சதஃப். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை அட்டை மேல் சுற்ற ஆரம்பித்தாள். அவள் அழாமல் சுற்றியதைப் பார்க்கத்தான் குமரேசனுக்குத் தாங்கவில்லை. தன் வேலை போவதுகூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

டீக் கப்புகளைப் பெருக்க வந்த ஆதிலட்சுமி, துடைப்பத்தோடு நின்று அந்த நாடாவையே பார்த்தாள். பிறகு நேராகச் சேர்மன் முன்னால் போனாள்.

"சார், ஒரு ஆள் இருக்காங்க. சொந்தக் காசுல கட்டினவங்கதான்."

"யாரும்மா? சீக்கிரம் கூப்புடு!"

"கூப்புடறேன் சார். ஆனா இதால அவங்க வேலைக்கு எந்த பாதகமும் வராதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"அவங்க வேலைக்கும் எனக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"எழுதிக் குடுங்க சார். மணி ஆவுது."

அந்த நிலைமையில் சொத்தையே எழுதிக் கேட்டிருந்தாலும் சேர்மன் எழுதிக் கொடுத்திருப்பார். குமரேசன் லெட்டர்பேடை நீட்டினார். 'இந்த வகுப்பை எடுப்பவரின் வேலைக்கு என்னால் எவ்விதப் பாதகமும் வராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சேர்மன். ஆதிலட்சுமி அதை வாங்கி ஒரு முறை படித்தாள்.

"தேதி போடல சார். சீலும் வேணும்."

தேதி போட்டார்கள். சீல் வைத்தார்கள். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வாசலையே பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள்.

திரும்பி வந்தவள் தனியாகத்தான் வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்த வங்கிக் கடிதம். இன்னொரு கையில் சுவரிலிருந்து கழற்றிய முதல் பேட்ச் படம். இரண்டையும் மேஜையில் வைத்தாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வரிசைல மூணாவது ஆளு நாந்தான் சார். பி.சி.ஏ. கடனை இங்க பெருக்கியே கட்டி முடிச்சேன்."